கீழ்வீட்டுக்காரர் வைத்த ஆப்பு

கீழ்வீட்டு அண்ணன் என் சமையலறையில், நான் துடைத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, நான் ஊற்றிக் கொடுத்த, பால் விடாத பிளேன்டியைக் குடித்துக்கொண்டே, ஓடாமல் கிடந்த என் மெஷினைப் பார்த்து உச்சுக் கொட்டினார். அவர் செய்த மற்றதையெல்லாம் ஒருவேளை நான் மறந்துபோகலாம். அந்தப் பிளேன்டியை மறக்க மாட்டேன்.

நல்லதண்ணியில், யாத்திரைக்காரர்கள் மலைக்கு ஏறுகிற பாதை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டிலிருந்து படி ஏறி வந்தால் எங்கள் விடுதி. விடுதி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நான்கு அறை, மேசை போட்ட ஒரு வராந்தா, பின்னால் சமையலறை, அதை ஒட்டி நானும் வீட்டுக்காரரும் படுக்கிற அறை. எங்களுக்கு நேர் கீழே, அதே மண்மேட்டின் அடியில், ரோட்டோரமாக அவருடைய விடுதி. எங்களுக்கு முன்பே தொடங்கியது, அறைகளும் அதிகம். அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. ஆனாலும் நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன், அவர் மனைவியை மதினி என்பேன். அவரும் வாய் நிறைய "தங்கச்சி" என்பார்.

நாங்கள் விடுதி தொடங்கிய முதல் சீசனிலேயே, மேல்வீட்டு மெத்தையில் மூட்டைப்பூச்சி என்று ஆட்டோக்காரர்களிடம் சொல்லி வைத்தவர் அவர். அது என் காதுக்கு வந்தபோது வீட்டுக்காரர், "விடு, தொழில் போட்டியில இதெல்லாம் இருக்கும்" என்றார். நான் விட்டேன். மெத்தைகளை வராந்தாக் கம்பியில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வெயிலில் போட்டேன். மற்றபடி பேசாமல் இருந்தேன். அது அங்கே தீர்ந்துவிட்டது என்று நான் நினைத்ததும் இல்லை.

மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாத்திரம் கழுவுகிற மெஷின். டிஷ்வொஷர் என்பார்கள். எங்கள் பக்கத்தில் வீடுகளில் அது கிடையாது, பெரிய ஹோட்டல்களில்தான் உண்டு. என்னிடம் இருந்ததற்குக் காரணம் என் கைகள்.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். கல்யாணமாகிப் பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனேன். வருஷக்கணக்காக அடுத்தவர் வீட்டுச் சட்டிபானை தேய்த்தேன். அங்கே ஏதோ ஒரு சவர்க்காரம் என் கைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விரலிடுக்கெல்லாம் வெடித்து, தோல் உரிந்து, பிசைந்து சாப்பிட முடியாத அளவுக்கு ஆனது. கடைசியாக வேலை செய்த வீட்டு மேடம் ஒரு நாள் என் கையைப் பார்த்துவிட்டு, அந்த மாதமே மெஷின் வாங்கிப் போட்டாள். அவள் நல்லவளா கெட்டவளா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த மெஷினை நான் கும்பிடாத குறையாகத் துடைத்து வைத்திருந்தேன்.

ஊருக்குத் திரும்பி விடுதி தொடங்கியதும் மறுபடி பாத்திரம். நல்லதண்ணியில் சீசன் நேரத்துத் தண்ணீர் ஊசி மாதிரி குத்தும். மலை இறங்கி வருகிறவர்கள் பசியோடு வருவார்கள். வீடு முழுக்கத் தட்டும் கோப்பையும் குவியும். வெடிப்பு திரும்பவும் தொடங்கியது. ஒரு நாள் பருப்புச் சட்டியில் என் விரலிலிருந்து இரத்தம் பட்டுவிட்டது. முழுச் சட்டியையும் கொட்டினேன். வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். நுவரெலியாவில் ஒரு ஹோட்டல்காரர் பழைய சாமான்களைக் கழிக்கிறார் என்று கேள்விப்பட்டதும், தனக்குத் தெரிந்த மரக்கறி லொறியில் ஏறிப் போய் இந்த மெஷினைக் கொண்டுவந்தார். படியில் அதை ஏற்றி வர ஆறேழு பேர் வேண்டியிருந்தது. கீழ்வீட்டு அண்ணன் ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கை கொடுக்க வரவில்லை.

மெஷினின் அழுக்குத் தண்ணீர் வெளியே போக வழி வேண்டும். தொட்டித் தண்ணீர் போகிற குழி சின்னது, அதில் இதையும் விட்டால் பொங்கும். அதனால் வீட்டுக்காரர் சுவரில் ஓட்டை போட்டு, தனியாக ஒரு பிவிசி பைப்பை மண்மேட்டின் வழியாகக் கீழே இறக்கி, எல்லார் வீட்டுத் தண்ணீரும் போகிற பொதுக் கானில் முனையை விட்டார். அந்தக் கானுக்கு மேல்தான் கீழ்வீட்டு அண்ணன் கொங்கிரீட் ஸ்லாப் போட்டு, தன் சாப்பாட்டு இடத்தை நீட்டி வைத்திருந்தார். கானை மூட அவருக்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. எங்கள் பைப் முனை அவர் ஸ்லாப்பின் ஓரத்தில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது.

கொஞ்ச நாள் மெஷின் ராஜா மாதிரி ஓடியது. என் கை ஆறத் தொடங்கியது. நானே கோழிக்கறி பிசைந்து சாப்பிட்டேன்.

பிறகு ஒரு காலை, மெஷின் வேலை முடிந்தும் நிற்காமல் முனகிக்கொண்டே இருந்தது. முன்பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. கதவைத் திறந்தேன். அடித்தட்டு வரைக்கும் கறுப்பாகத் தண்ணீர் நின்றது. மேலே எண்ணெய் மிதந்தது. கழுவின தட்டெல்லாம் அந்த நாற்றத்தில் நின்றிருந்தன.

எனக்குப் பயமில்லை, அந்த நாட்டில் பழகின விஷயம்தான். ஒரு மக்கால் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றினேன். மீதியைத் துணியால் ஒற்றி எடுத்தேன். அடித்தட்டை இழுத்து வெளியே வைத்து, நடுவிலிருக்கிற சல்லடையைத் திருகிக் கழற்றினேன். சோறு, எலுமிச்சை விதை, கறிவேப்பிலை, மீன் முள், எல்லாம் களிமண் மாதிரி அப்பியிருந்தது. பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்துக் கழுவிப் போட்டேன். மறுபடி ஓடவிட்டேன். மறுபடி தண்ணீர் நின்றது.

சல்லடைக்கு அடியில் தண்ணீரைத் தள்ளுகிற சின்ன விசிறி ஒன்று இருக்கும். கரண்டைப் பிடுங்கிவிட்டு அதைத் தொட்டுப் பார்த்தேன். கண்ணாடித் துண்டு, பல்குத்தும் குச்சி ஏதாவது சிக்கியிருந்தால் சுற்றாது. ஒன்றுமில்லை, விரல் பட்டதும் லேசாகச் சுற்றியது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மெஷினை முன்னால் இழுத்து, பின்பக்க ஹோஸ் எங்கேயாவது மடங்கியிருக்கிறதா என்று பார்த்தோம். நேராக இருந்தது. மூன்றாவது தடவையும் கறுப்புத் தண்ணீர்.

ஹட்டனில் இப்படியான சாமான் திருத்துகிற ஒருவருக்குப் போன் கோல் எடுத்தேன். "பம்ப் போயிருக்கும்க்கா. போயா முடியட்டும், வந்து பாக்கிறேன். அதுவரைக்கும் கையால கழுவிக்கங்க" என்றார். பௌர்ணமி வருகிற போயா வார இறுதிதான் எங்களுக்கு வருஷத்திலேயே கூட்டமான நாட்கள். அறை எல்லாம் பதிவாகியிருந்தன. நான் தொட்டியில் கை வைத்தேன். சாயங்காலத்துக்குள் ஆறிய இடமெல்லாம் திறந்துகொண்டது.

மறுநாள்தான் அண்ணன் வந்தார். அவராக வந்தார். "என்ன தங்கச்சி, மெஷின் கெட்டுப்போச்சாமே, ஆட்டோக்காரப் பொடியனுங்க சொன்னானுங்க" என்று வாசலிலேயே தொடங்கினார்.

"ஆமாண்ணே, ஓட மாட்டேங்குது. உக்காருங்க, டீ ஊத்துறேன்."

ஊற்றினேன். வெல்லத் துண்டும் வைத்தேன். வெடித்த விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் அந்தக் கோப்பையைக் கொடுத்தேன். அவர் துணியைப் பார்த்தார். பிறகு மெஷினைப் பார்த்தார். உச்சுக் கொட்டினார்.

"நான் அன்னைக்கே நெனச்சேன். இதெல்லாம் வெளிநாட்டுக்குத்தான் சரிவரும். நமக்கெதுக்கு? தண்ணி இறங்காத மெஷின வச்சுக்கிட்டு என்ன பண்றது, நல்ல வெலைக்கு யாராச்சும் கேட்டா தள்ளிவிட்டுருங்க."

சொல்லிவிட்டு, கோப்பையைக் காலி பண்ணி, கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

நான் கோப்பையை எடுத்துக்கொண்டு தொட்டியடிக்குப் போனவள் அப்படியே நின்றேன். மெஷின் ஓடவில்லை என்றுதான் நான் அவரிடம் சொன்னேன். ஆட்டோக்காரர்களிடமும் அவ்வளவுதான் சொல்லியிருந்தேன். மெஷின் கதவு சாத்தியிருந்தது. தண்ணீர் இறங்கவில்லை என்று இவருக்கு யார் சொன்னது?

அப்போதுதான் எனக்கு அந்த மேடம் வீட்டுக்கு வந்த மெக்கானிக் ஞாபகம் வந்தது. அவர் வந்ததும் முதல் வேலையாக மெஷினின் ஹோஸ் முனையைக் கழற்றி ஒரு வாளிக்குள் விட்டுத்தான் ஓடவிட்டுப் பார்ப்பார். வாளிக்குள் தண்ணீர் வந்தால் மெஷினில் பிழையில்லை. நானும் சுவர் பைப்பிலிருந்து ஹோஸை உருவி வாளிக்குள் விட்டு, தண்ணீர் வெளியேற்றுகிற பொத்தானை அழுத்தினேன். மெஷின் ஒரு தடவை இருமியது. அடுத்த நொடி கறுப்புத் தண்ணீர் வாளிக்குள் அப்படிப் பாய்ந்தது, என் சாரியெல்லாம் தெறித்தது. பம்ப் கல்லு மாதிரி இருந்தது. கோளாறு சுவருக்கு அந்தப் பக்கம்.

பின்கதவைத் திறந்து, மானாப்புல்லைப் பிடித்துக்கொண்டு பைப்போடு மேட்டில் இறங்கினேன். எங்கேயும் உடையவில்லை, மூட்டும் விடவில்லை. கீழே கானுக்குப் பக்கத்தில் போய், ஸ்லாப்பின் ஓரத்தில் குனிந்து பார்த்தேன். பைப் வாயில் ஒரு கட்டை. கொய்யாக் கம்பைச் சீவி, துணி சுற்றி, சுத்தியலால் அடித்து இறக்கியிருந்தது. சீவின இடம் இன்னும் வெள்ளையாக இருந்தது. துணி நீலமும் வெள்ளையும் கட்டம் போட்டது. தலையை நிமிர்த்தினால் ஸ்லாப்புக்கு மேல் அவருடைய சாப்பாட்டு மேசைகள். எல்லா மேசையிலும் அதே நீலக் கட்ட விரிப்பு.

ஆப்பு வைத்துவிட்டான் என்று ஊரில் சும்மா பேச்சுக்குச் சொல்வார்கள். எனக்கு நிஜமாகவே வைத்திருந்தார்.

அந்தக் கட்டையைப் பிடுங்கக் கையை நீட்டினேன். தொட்டும் விட்டேன். பிறகு கையை எடுத்துக்கொண்டேன். நான் பிடுங்கினால், சத்தம் போடாமல் மேலே போவேன், மெஷின் ஓடும், அவர் ஒரு வாரம் கழித்து இன்னொன்று வைப்பார். அப்புறமும் என் வீட்டுக்கு வந்து டீ குடிப்பார். கட்டை இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று மேலே ஏறி வந்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கும் கோபம் வந்தது. "நான் போய்க் கேக்கிறேன்" என்று சட்டையை மாட்டினார்.

"கேட்டா என்ன சொல்லுவாரு? யாரோ சின்னப் பசங்க செஞ்சிருப்பாங்கன்னு சொல்லுவாரு. அதோட முடிஞ்சிரும்."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

எங்கள் வீட்டுக்கு மேலே ஓடையிலிருந்து வருகிற கீழ்வீட்டுக் குடிதண்ணீர்க் குழாய் எங்கள் காணி ஓரமாகத்தான் போகிறது. அதன் வால்வும் எங்கள் வேலிக்குள்தான் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் பார்த்தேன். நான் பார்த்ததை வீட்டுக்காரரும் பார்த்தார். பைப் ரெஞ்சை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தார்.

"குடிக்கிற தண்ணியில கை வைக்காத. அந்த வீட்டுல மதினியும் இருக்கு, வாற போற சனமும் இருக்கு. வேற என்ன வேணா செய்."

வேற என்ன வேணா செய் என்று அவர் வாயால் சொன்னார். அதை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து மெஷினை மறுபடி ஓட்டினேன். தண்ணீர் போக வழிதான் தெரிந்துவிட்டதே. ஹோஸ் முனையைப் பின்வாசலில் இருந்த பிளாஸ்டிக் பரலுக்குள் விட்டேன். மழைத்தண்ணீர் பிடிக்கிற பீப்பாய் அது, அடியில் திறந்து மூடுகிற டெப் உள்ளது. மீன் குழம்புத் தட்டு, பருப்புச் சட்டி, பால் டீக் கோப்பை எல்லாம் கழுவின தண்ணீர் அதற்குள் சேர்ந்தது. சல்லடையில் தங்கின சோற்றையும் வழித்து அதற்குள்ளேயே போட்டேன். மூடி போட்டு வைத்தேன். இரண்டாம் நாள் மூடியைத் திறந்து பார்த்தபோது எனக்கே குமட்டியது. சந்தோஷமாக மூடினேன்.

"இத எதுக்கு சேத்து வைக்கிற? நாறுது" என்றார் வீட்டுக்காரர்.

"வாழைக்கு ஊத்தலாம்னுதான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

போயாவுக்கு இரண்டு நாள் முன்னால், சாயங்காலம், கொஞ்சம் உளுந்து வடை சுட்டு எடுத்துக்கொண்டு கீழே போனேன். மதினி என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு நாற்காலி போட்டார். அண்ணன் வந்து எதிரே உட்கார்ந்தார். மதினி டீ கொண்டுவந்தார். நான் சாவகாசமாகக் குடித்தேன்.

"மெஷின் சரியாச்சா தங்கச்சி?"

"எங்கண்ணே! நீங்க சொன்னதுதான் சரி. போயா முடிய விக்கத்தான் போறேன்."

அவர் முகம் எப்படி மலர்ந்தது என்பதை நான் வார்த்தையில் சொல்ல முடியாது. ஒரு வடை எடுத்துக் கடித்தார். "நல்லாருக்கே வடை" என்றார்.

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, எழும்பப்போகிறவள் மாதிரிச் சொன்னேன். "ஆ, ஒரு விஷயம் கேள்விப்பட்டேண்ணே. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நாளைக்குக் காலையில பி.எச்.ஐ. மாத்தயா வாறாராமே, போயாக் கூட்டத்துக்கு முன்னால விடுதியெல்லாம் பாக்க."

பி.எச்.ஐ. என்கிற சுகாதாரப் பரிசோதகர் வருகிறார் என்றாலே எங்கள் ரோட்டில் எல்லாரும் மூலைமுடுக்கெல்லாம் கழுவத் தொடங்கிவிடுவார்கள். அண்ணன் வடை கடிப்பதை நிறுத்தினார்.

"யாரு சொன்னா?"

"மஸ்கெலியா டவுன்ல பேசிக்கிட்டாங்க. இந்தத் தடவ கான்தான் பாக்கிறாங்களாம். எங்கெங்க அடைச்சிருக்கு, யாரு அடைச்சது, எல்லாம். எங்களுக்குக் கான் பக்கம் ஒண்ணுமில்லண்ணே, நீங்கதான் பாத்துக்கங்க."

மதினி, "நம்ம ஸ்லாப்புக்கு ஏதாச்சும் சொல்லுவாங்களா?" என்று அவரைப் பார்த்தார். அவர் கடித்த வடையைத் தட்டில் வைத்தார். நான் வடைத் தட்டை அங்கேயே விட்டுவிட்டுப் படியேறி வந்தேன். பாதிப் படியில் எனக்குச் சிரிப்பு வந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

இராத்திரியே இறங்கிப் பிடுங்கிவிடுவாரோ என்று கவலையிருந்தது. ஆனால் அவர் விடுதியில் ஆட்கள் தங்கியிருந்தார்கள், பின்பக்கமெல்லாம் விளக்குப் போட்டிருந்தது. ஆட்கள் பார்க்க இறங்க மாட்டார், பரிசோதகர் வருவதற்கு முன் காலையில்தான் எடுப்பார் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது.

காலையில் எழுந்ததும் பரல் டெப்பிலிருந்து ஒரு ஹோஸைச் சுவர் பைப் வாயில் செருகி, கம்பி போட்டு முறுக்கி இறுக்கினேன். டெப்பைத் திறந்தேன். பைப்புக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம் களகளவென்று கேட்டது. பிறகு நின்றது. மேலிருந்து கீழ்வரைக்கும் பைப் நிரம்பி, அந்தக் கட்டைக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நின்றது. பரலில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. கம்பியில் துவாய்களைக் காயப்போட்டு, அதற்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் அவர் ஸ்லாப் முழுக்கத் தெரியும். பக்கத்தில் ஆட்டோ நிறுத்துகிற இடமும் தெரியும். நாலைந்து பொடியன்கள் ஆட்டோவில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் வெளியே வந்தார். பரிசோதகருக்காகப் புதுசாக வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் தடவி, படிய வாரியிருந்தார். கையில் ஒரு குறடு. ரோட்டைப் பார்த்தார், மேலே பார்த்தார். நான் துவாய்க்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் நேராக, ஒரு இடத்தில்கூடத் தேடாமல், ஸ்லாப்பின் அந்த ஓரத்துக்குப் போய் முழங்கால் போட்டு, தலையைக் கீழே விட்டு, குறட்டால் கட்டையைப் பிடித்தார்.

கட்டை இறுகியிருந்தது. ஆட்டினார், இழுத்தார். இன்னும் கொஞ்சம் குனிந்து, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், இரண்டு கையாலும் இழுத்தார்.

'பொளக்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு நான் கேட்டது அவர் கத்தினது.

அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கி வந்து அடைபட்டு நின்ற தண்ணீர். நேராக முகத்தில் அடித்தது, அப்புறம் நெஞ்சில். அவர் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார், அப்படியும் அது விடவில்லை. பரலில் மிச்சமிருந்ததும் வந்துகொண்டேயிருந்தது. வெள்ளைச் சட்டை மஞ்சளாகி, பழுப்பானது. படிய வாரின தலையில் சோறும் கறிவேப்பிலையும் ஒட்டியிருந்தது. மீன் குழம்பு நாற்றம் மேலே என் வரைக்கும் வந்தது. ஆட்டோப் பொடியன்கள் டீக் கோப்பையோடு ஓடி வந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தனுக்குச் சிரிப்பில் புரையேறியது.

நான் துவாயை விலக்கிக்கொண்டு எழுந்தேன்.

"அடைப்ப எடுத்துட்டீங்களாண்ணே? ரொம்ப நன்றிண்ணே!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கையில் இன்னும் குறடு, குறட்டில் கட்டை, கட்டையில் துணி.

"யாரோ அடைச்சு வச்சிருக்கானுங்க" என்றார். அந்த நிலைமையிலும் அது வந்தது அவர் வாயில்.

"யாரோ அடைச்சத நீங்க நேரா போய் எடுத்துட்டீங்களேண்ணே!" என்றான் ஒரு பொடியன். எல்லாரும் சிரித்தார்கள்.

அப்போது மதினி சத்தம் கேட்டு ஓடி வந்தார். முதலில் பதறிப்போய் அவரைத் தூக்கப் போனார். பிறகு குறட்டில் தொங்கின துணியைப் பார்த்தார். எடுத்துப் பிரித்தார்.

"இது நம்ம மேச விரிப்புல்ல? இத நான் தேடாத எடமில்ல. எங்கேன்னு கேட்டதுக்குக் காத்துல போயிருக்கும்னு சொன்னீங்க!"

 எனக்கு அதுதான் பரல் தண்ணீரையெல்லாம்விட இனித்தது. ஊர் சிரித்தால் இரண்டு நாளில் மறந்துவிடும். மதினி கேட்ட அந்தக் கேள்வி அவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் கூடவே உட்காரும்.

அவர் எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். தங்கச்சியெல்லாம் போய்விட்டது. "இரு, பி.எச்.ஐ. வரட்டும்! இந்த நாத்தத் தண்ணிய யாரு விடுறான்னு காட்டுறேன், உன்னய என்ன பண்றேன்னு பாரு!"

"அவரு வர மாட்டாருண்ணே" என்றேன்.

அது விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கினதும் அவர் முகம் போன போக்கை நான் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். அவசரப்படவில்லை. அவர் உள்ளே போகும்வரைக்கும் பார்த்தேன். பிறகு பரலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மெஷினின் ஹோஸைப் பழையபடி மாட்டி, காலைத் தட்டுகளை அடுக்கி ஓடவிட்டேன். தண்ணீர் கடகடவென்று இறங்கிப் போனது.

வெளியே போயிருந்த வீட்டுக்காரர் திரும்பி வரும்போதே யாரோ ரோட்டில் சொல்லியிருக்கிறார்கள். நேராகச் சமையலறைக்கு வந்து, "வாழைக்குன்னு சொன்னியே" என்றார். முகத்தைக் கடுமையாகத்தான் வைத்திருந்தார். ஆனால் அன்றைக்குச் சாப்பிடும்போது இரண்டு தடவை தனியாகச் சிரித்தார்.

போயா முடிந்து கூட்டம் வடிந்த பிறகு மதினி மேலே வந்தார். சண்டைக்கு வருகிறாரோ என்று நான் தயாராகத்தான் நின்றேன். அவர் என் வடைத் தட்டைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"அவரு செஞ்சது பெரிய பிழ. நான் ஒத்துக்கிறேன். ஆனா ஒண்ணு சொல்லணும். உங்க மெஷின் ஓடுறப்ப எல்லாம் எங்க ஸ்லாப் வெடிப்பு வழியா நுரை வருது. ஆளுங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறப்ப மீன் நாத்தம் வருது. எழும்பிப் போயிட்டாங்க சிலபேரு."

அது எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. "சொல்லியிருக்கலாமே மதினி. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்போமே."

"'நீ இரு, நான் சொல்லிக்கிறேன்'னு அவருதான் மேல வந்தாரு. சொல்லிட்டேன்னுதான் எங்கிட்டயும் சொன்னாரு."

மேலே வந்தவர் சொல்லவில்லை. என் டீயைக் குடித்துவிட்டுப் போனார். மதினி அதைச் சொன்னபோது எனக்குக் கோபம் புதுசாகத் திரும்பி வந்தது. ஆனால் மதினி மேல் வரவில்லை. அந்த வாரமே வீட்டுக்காரர் இன்னும் இரண்டு நீளப் பைப் வாங்கி, முனையை ஸ்லாப்பைத் தாண்டி, கான் திறந்தபடி ஓடுகிற இடத்தில் கொண்டுபோய் விட்டார். அண்ணன் வீட்டிலிருந்து ஒருவரும் உதவிக்கு வரக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். எதற்கும் அவருக்கு நாங்கள் கடன்பட வேண்டியதில்லை.

அவர் என்னோடு பேசுவதில்லை. ரோட்டில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். நான் பொல்லாதவள், பொய்க்காரி என்று எல்லாரிடமும் சொல்கிறார் என்று கேள்வி. பொய் சொன்னேன்தான். அதை நம்பி வெள்ளைச் சட்டை போட்டு வந்தது அவர். மூட்டைப்பூச்சிக் கதையை இப்போது யாரும் எடுப்பதில்லை. அவர் வாயைத் திறந்தால் ஆட்டோப் பொடியன்கள் பைப் கதையை எடுத்துவிடுகிறார்கள்.

மதினி மட்டும் இடைக்கிடை வருகிறார். ஒரு தடவை மெஷினுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு, அது தொடங்கினதிலிருந்து முடிகிறவரைக்கும் உட்கார்ந்து பார்த்தார். உள்ளே தண்ணீர் அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கதவைத் திறந்ததும் சூட்டோடு ஒரு தட்டை எடுத்துத் தடவினார். அவர் விரலிலும் வெடிப்பு இருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"எனக்கும் இதுல ஒண்ணு வாங்கித் தாங்கன்னு கேட்டேன்" என்றார். "மொறைக்கிறாரு. நான் விடல. காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா கேக்கிறேன்."

"விடாதீங்க மதினி" என்றேன். "வாங்கினதும் சொல்லுங்க. எப்படிப் பூட்டுறதுன்னு நானே வந்து காட்டித் தாறேன். அண்ணன் வீட்டுல இருக்கிற நேரமா பாத்து வாறேன். அவரு முன்னால உக்காந்து டீயும் குடிப்பேன்."

மதினி என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. தட்டை அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.